கையைப் பின்னால் கட்டிக்கொண்ட டீச்சர்

மூன்றரை வயதுப் பிள்ளை ஒரு வாழைப்பழத்தை உரிக்கப் பதினொரு நிமிசம் எடுக்கும். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவள் நான், அதனால் தெரியும். பிள்ளை காம்பைத் திருகினான், நகத்தால் கீறினான், பல்லால் கடித்தான். தோல் நார் நாராகத்தான் வந்தது. பழம் பாதி நசுங்கி விரலிடுக்கில் வழிந்தது. அவனுக்கு ஓர் அடி தள்ளி டீச்சர் நின்றார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பெரிய விசயம் ஒன்றைப் பார்க்கிற ஆள் மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. கை தானாக நீண்டுவிட்டது. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"கண்ணை வையுங்கோ அக்கா. கையை வையாதேங்கோ."

அவரை நினைத்தால் இந்தக் குரலும் அந்த முதுகும்தான் முதலில் வருகின்றன. பெருவிரலை மறு கையின் பெருவிரலால் தேய்த்தபடி இருப்பார். உதவி செய்ய அவருக்கும் ஆசைதான் என்பது அந்த விரலைப் பார்த்தால் தெரியும். முன்னாலிருந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. பின்னால் நின்று கூட்டிப் பெருக்குகிற எனக்கு மட்டும் தெரியும்.

கடுகண்ணாவையில், ரெயில் பாதைக்குக் கீழே சரிவில் ஒரு வாடகை வீடு. முன்னறை இரண்டையும் சின்னப் பிள்ளைகளுக்கு நேர்சரியாக்கி, பின்னறையில் அவரும் புருசனும் இருந்தார்கள். புருசனுக்குக் கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க் வேலை. யாழ்ப்பாணத்துச் சனம். என் வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் டயர் கடையில் வேலை செய்கிறார். நான் மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். மகளைச் சேர்க்கத்தான் அங்கே போனேன்.

போன அன்றைக்கே கேள்வி மேல் கேள்வி கேட்டேன். யன்னலுக்கு ஏன் கம்பி இல்லை, புளியங்கொட்டையைப் பிள்ளை மூக்கில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது, கத்தரிக்கோல் ஏன் மேசையிலேயே கிடக்கிறது, கிணறு எவ்வளவு தூரம், பாம்பு வருமா. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் சிரித்துவிட்டு, பிள்ளையோடு நானும் வந்து நிற்க முடியுமா, வேலைக்கு ஓர் ஆள் தேடுகிறேன் என்றார். எனக்கு ஒன்றும் தெரியாதே, படிக்கவும் இல்லையே என்று சொன்னேன்.

"எனக்குப் பயம் குறைவு. உங்களிட்ட அது கூடுதலாய் இருக்கு. ரெண்டையும் சேத்தால் அளவாய் வரும்" என்றார்.

என் பயத்தை ஊரில் எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். அம்மா திட்டியிருக்கிறார், வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். அதற்காக ஒருவர் எனக்கு வேலை தந்தது அது ஒரு தடவைதான்.

அது கடையில் காகிதம் கிடைக்காத வருசம். சமையல் காஸ் இல்லை, பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கப் பால்மா இல்லை, பசைக் குப்பி ஒன்று வாங்கக் கண்டிக்குப் போனாலும் வெறுங்கையோடு வரவேண்டும். மற்ற நேர்சரிகள் பிள்ளைகளிடம் கொண்டுவரச் சொல்லிப் பட்டியல் கொடுத்தன. டீச்சர் கொடுத்த பட்டியலைப் பார்த்துத் தாய்மார் சிரித்தார்கள்: பழைய காலி பால்மாப் பெட்டி, யோகட் கோப்பை, தேயிலைப் பைக்கட்டு, கிழிந்த சேர்ட்டின் பொத்தான். பால்மாப் பெட்டியின் உட்பக்கம் வெள்ளைதானே, அதுதான் எங்கள் காகிதம். பீட்ரூட் தோலை அவித்தால் சிவப்பு, மஞ்சளைக் கரைத்தால் மஞ்சள், அடுப்புக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்தால் கறுப்பு. நீலம் மட்டும் எங்களுக்கு வரவே இல்லை. அந்த வருசத்துப் பிள்ளைகள் வரைந்த வானமெல்லாம் மஞ்சள்தான்.

மேலே பாதையில் ரெயின் வந்தால் பாடம் நின்றுவிடும். எல்லோரும் முற்றத்துக்கு ஓடவேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு யோகட் கோப்பையும் ஒரு பிடி புளியங்கொட்டையும். ரெயின் பெட்டி ஒன்று போனால் கோப்பைக்குள் கொட்டை ஒன்று. ரெயின் போன பிறகு கொட்டி எண்ணுவார்கள். ஒருத்திக்கு ஒன்பது, ஒருத்தனுக்குப் பதினாலு, என் மகளுக்கு இருபத்திரண்டு. கைப்பிடியை அப்படியே கொட்டிவிட்டாள். சண்டை வரும். யார் சரி என்று பதினாலு முகமும் டீச்சரைப் பார்க்கும். டீச்சர் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிவிடுவார். "நாளைக்கும் ரெயின் வரும்தானே" என்பார், அவ்வளவுதான்.

சரியான எண்ணை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. தெரிந்த ஒன்றைத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லாமல் என்ன டீச்சர் என்று வீட்டில் புறுபுறுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பதினாலு கோப்பையிலும் எட்டு எட்டாகக் கொட்டை இருந்தது. பிள்ளைகள் ஒருவர் கோப்பையை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே கத்தத் தொடங்கினார்கள். டீச்சர் கத்தவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவர் நல்லவர் மட்டும்தான் என்று எழுதினால் பொய். பிடிவாதம் கூட. ஒரு மழை நாளில் என் மகள் சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாமல் படியில் உட்கார்ந்து அழுதாள். தூவானம் அடிக்கிறது, எல்லோரும் போய்விட்டார்கள். டீச்சர் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தாரே தவிரக் குனியவில்லை. நானும் குனியக் கூடாதாம். அவர் ஒரு பாதி நனைந்துகொண்டே நின்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில், பிள்ளை பெறாத மனிசிக்கு எப்படித் தெரியும் என்று மனதுக்குள் சொன்னேன். வாயால் சொல்லவில்லை, ஆனால் சொன்னதுதான். அதற்கு அடுத்த கிழமை மகள் என் சேலை முந்தானையைக்கூட அதே முடிச்சாகப் போட்டு வைத்தாள். எதைக் கேட்டாலும் "ஓம்" என்றாள். யாழ்ப்பாணத்துப் பொண்ணா ஆகிட்டா உம் மக என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கண்டியில் யானைகள் ஊர்வலம் போகிற பெரஹெரா நேரம், எல்லோரும் பால்மாப் பெட்டியில் யானை வெட்டினார்கள். பிள்ளைகள் வெட்டினால் எப்படி இருக்கும்? ஒன்றுக்குத் தும்பிக்கை காலை விடக் குட்டை, ஒன்றுக்கு வால் முகத்தில். தாய் தகப்பன் மறுநாள் பார்க்க வரப்போகிறார்கள். இதைப் பார்த்தால் டீச்சரை என்ன சொல்வார்கள், என்னைத்தான் என்ன சொல்வார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் எல்லோரும் போன பிறகு கத்தரிக்கோலை எடுத்துப் பதினாலு யானையையும் சீர் செய்தேன். ஓரம் நேராக்கினேன். தும்பிக்கை ஒட்டினேன். சுவரில் தொங்கவிட்டபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காலையில் சஹ்ரா என்ற பிள்ளை சுவரையே சுற்றிச் சுற்றி வந்தாள். நாலு வயது. தாய் வீட்டில் தையல் தைக்கிறவர். அந்தப் பிள்ளையின் மூக்குக்கு நேரே அவளுடைய யானை தொங்கியது.

"என்ட யானையக் காணல்ல" என்றாள்.

இதோ என்று காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இது வேற ஆள்ட" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேடப் போனாள்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிள்ளைகள் பழம் சாப்பிடுகிற நேரம் என்னைக் கூப்பிட்டு, ஒரு பால்மாப் பெட்டியையும் கத்தரிக்கோலையும் முன்னால் வைத்து, "ஒரு யானை வெட்டுங்கோ அக்கா" என்றார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பத்திரண்டு வயதில் நான் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பினேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஞாபகம் வந்தது. அங்கே நான் பேசாமல் நின்றால் சார் வெண்கட்டியைப் பிடுங்கி அவரே எழுதிவிடுவார், நான் தலையைக் குனிந்துகொண்டு இடத்துக்குப் போவேன். இங்கே யாரும் பிடுங்கவில்லை. வெட்டி முடித்தேன். அதையும் பிள்ளைகளின் யானைகளோடு தொங்கவிட்டார். ஒரு பொடியன் வந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது எலியா ஆன்டி?" என்று கேட்டான். டீச்சர் சிரித்த சிரிப்பில் பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

சமையல் வெள்ளிக்கிழமைகளில். அவலை நனைத்து, வாழைப்பழம் பிசைந்து, தேங்காய்ப்பூ போட்டு, இனிப்புக்குக் கித்துள் பாணி விட்டு உருண்டை பிடிப்பது. கடலை அவிப்பது. எலுமிச்சம்பழம் பிழிவது. அடுப்பு மூட்டும் வேலைகளுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். முன்னறைச் சீமெந்துத் தரையின் நடுவில் வெண்கட்டியால் ஒரு பெரிய வட்டம் போடுவார். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அதன் நடுவில் வைப்பார். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே சுற்றி உட்காருவார்கள். உள்ளங்கையைத் தூரத்தில் பிடித்து ஆவியைப் பார்ப்பார்கள்.

"சட்டி வட்டத்துக்குள்ள இருந்தால் சுடும். வட்டத்துக்கு வெளியில வந்தால் உங்கட சட்டி."

இதை அவர் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் முடிப்பார்கள். ஆறியதா என்று தானே தொட்டுப் பார்த்து, தானே தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைப்பார். அதன் பிறகு சட்டி பிள்ளைகளுக்கு. சுடு சாமானை ஒளித்து வைத்தால் பிள்ளை தேடும், கண்ணுக்கு முன்னால் வைத்தால் தெரிந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு. ஒரு வருசத்தில் ஒரு பிள்ளையும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஓடி விளையாடும்போதுகூட வட்டத்தைச் சுற்றித்தான் ஓடும்.

பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. சட்டி தரையில் இருக்கும் நேரமெல்லாம் எனக்கு மூச்சு மேலேதான் நிற்கும்.

புத்தரின் வெசாக் பண்டிகை வந்தது. அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளைகளெல்லாம் விளக்குக் கூடு கட்டுகிறார்கள், நாங்களும் கட்டுவோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஈர்க்கில் சேர்த்தோம், பெட்டிகளில் யன்னல் வெட்டினோம். ஒட்டப் பசை இல்லை. டீச்சர் கோதுமை மாவைக் கரைத்து, கிளறிக் கிளறிப் பசை காய்ச்சினார். காய்ச்சிய சட்டியை வட்டத்துக்குள் வைத்தார். அன்றைக்குப் பசையைக் கோப்பைகளுக்குப் பங்கு வைக்கிற முறை சஹ்ராவுடையது. காலையிலிருந்து அகப்பையைக் கீழே வைக்காமல் திரிந்தாள்.

ரெயின் சத்தம் கேட்டது. எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். டீச்சரும் போனார். நான் மட்டும் உள்ளே.

தரையை அப்போதுதான் துடைத்திருந்தேன், ஈரம் காயவில்லை. ரெயின் போனதும் பதினாலு பிள்ளையும் ஒன்றாக ஓடி வருவார்கள், ஒன்று வழுக்கி விழுந்தால் நேரே கொதிக்கிற பசைக்குள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்று சொல்வதைவிட, கண்ணால் கண்டேன் என்றே சொல்லலாம். துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கிச் சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் வைத்தேன். பத்திரமான இடம் என்று நினைத்தேன். தரையை உலர்த்தச் சாக்கு எடுக்கப் பின்னறைக்குப் போனேன். அவ்வளவு நேரம்தான்.

மற்றவர்கள் பெட்டி எண்ணிக்கொண்டு நிற்க, சஹ்ரா முதலில் வந்துவிட்டாள். அவளுக்கு வேலை இருந்ததே. வட்டத்துக்குள் சட்டி இல்லை. சட்டி வெளியே வந்திருந்தது. அப்படியென்றால் அது அவளுடைய சட்டி. வாங்கின் விளிம்புக்குச் சட்டியைப் பிடித்து இழுத்தாள்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு முடியாது.

தண்ணீர் ஊற்றியதும், ஆட்டோ கூப்பிட்டதும், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் எல்லாம் டீச்சர். நான் மிச்சப் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்கு வெந்தது இடது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும். பசை ஒட்டிப் பிடிக்கும், தண்ணீர் மாதிரி ஓடிப் போகாது.

மறுநாள் காலை தாய் தகப்பன்மார் எல்லோரும் அதே முன்னறையில் கூடினார்கள். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் உட்கார முடியாமல் நின்றார்கள். தரையில் வட்டம் அழியாமல் இருந்தது. சஹ்ராவின் உம்மா ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்படியே வந்திருந்தார்.

"படிக்க வைங்கண்டு அனுப்பினா, நெருப்ப வெச்சா வெளயாட்டுக் காட்டுறீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

மற்றவர்கள் பேசினார்கள். அன்றைக்குக் கத்தரிக்கோல், இன்றைக்கு அடுப்பு என்றார் ஒரு தகப்பன். பிள்ளை அழுதாலும் தூக்கமாட்டார், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், நானே கண்ணால் பார்த்தேன் என்றார் ஒரு தாய். கொதிக்கிற சட்டியை வாங்கில் வைத்தது யார் என்று கேட்டார்கள். கேட்டது டீச்சரை.

டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

முறைக்கவில்லை. கோபமும் இல்லை அந்தப் பார்வையில். வாழைப்பழம் உரித்த பொடியனைப் பார்த்த அதே பார்வை. இவள் செய்துவிடுவாள், கொஞ்சம் நேரம் கொடுத்தால் போதும் என்கிற பார்வை. அறையில் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். யாருக்கும் தெரியாமல் அவர் எனக்கு நேரம் கொடுத்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சொல்ல வேண்டியது நாலு சொல். நான்தான் சட்டியைத் தூக்கி வைத்தேன். அதற்குள் மனம் ஏதேதோ கணக்குப் போட்டது. பொலிசுக்குக் கூட்டிப் போவார்கள். வீட்டுக்காரர் கடையில் தலை காட்ட முடியாது. மகளை வேறு எங்கே சேர்ப்பது. எட்டாம் வகுப்புப் படித்தவளை யார் பிள்ளைகளோடு வைக்கச் சொன்னது என்று டீச்சரைத்தான் இன்னும் ஏசுவார்கள் என்றுகூட ஒரு சாட்டுக் கண்டுபிடித்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ர பொறுப்புத்தான். நான்தான் உள்ள நிண்டிருக்க வேணும்" என்று டீச்சர் சொல்வது கேட்டது.

நேர்சரி அன்றோடு மூடியது. டீச்சரின் புருசன் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதினார், இரண்டு மாதத்தில் கிடைத்தது. சாமான் கட்டுகிற அன்றைக்கு நானே போய் நின்றேன். பிள்ளைகளின் சாமானை என்ன செய்வது என்று கேட்டேன். அவரவர் வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார். பெரும்பாலானோர் வாங்கிக்கொள்ளவில்லை. அலுமாரியை ஆட்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் யோகட் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்" என்றேன்.

அடுக்குவதை நிறுத்தினார். கோப்பைகளைக் கீழே வைத்தார். நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சொல்லுங்கோ அக்கா."

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. சுவரில் மணிக்கூடும் இல்லை, கழற்றிவிட்டார்கள். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் அவசரம் இல்லவே இல்லை. வெளியே சாமான் ஏற்றிய லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"நேரமாகுதுங்க டீச்சர். உங்க ரெயின் போயிடும்" என்றேன்.

தலையை ஆட்டினார். கோப்பைகளை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, மகள் இப்போது சட்டைப் பொத்தானெல்லாம் தானாகவே போடுகிறாளா என்று விசாரித்தார். போடுகிறாள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என் மேல் வருத்தம் இருந்திருந்தால் அந்த முகம் அப்படி மலர்ந்திருக்குமா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

போன பிறகு இரண்டு தடவை போன் எடுத்தார். பிள்ளையின் கை எப்படி என்று கேட்டார், மகளைக் கேட்டார். மற்றதெல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனம் எதற்கு என்று எனக்குத் தெரியும். போனிலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருப்பார். நான் வேறு கதை பேசினேன்.

இந்தத் தை மாதம் அவருடைய புருசன் போன் எடுத்தார். டீச்சருக்கு நாலு நாள் காய்ச்சல்தான், உயிர் போய்விட்டது என்றார். முப்பத்தியொரு வயது. போனில் என் பெயரைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டதாகவும், 'அக்கா, நேர்சரி' என்று போட்டிருந்ததாகவும் சொன்னார்.

மூன்று நாள் சமைத்தேனா சாப்பிட்டேனா தெரியாது. நாலாம் நாள் சஹ்ராவின் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. உம்மா மெஷினில் உட்கார்ந்து ஸ்கூல் யூனிபோர்ம் தைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் இறந்ததைச் சொன்னேன். பிறகு, நின்ற இடத்திலேயே நின்று, அந்த நாலு சொல்லையும் சொன்னேன்.

மெஷின் நின்றது. ஏசுவார் என்று காத்திருந்தேன். வீதியில் போகிறவர்கள் கேட்கும்படி ஏசட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அந்த டீச்சர் ஊருக்குப் போக முன்ன மூணு தரம் இங்க வந்தாங்க" என்றார் மெதுவாக. "நான் கதவத் தொறக்கல்ல. உள்ளுக்கு இருந்து பாத்துட்டே ஈந்தேன். மழயில நின்டாங்க." ஊசியின் கீழிருந்த துணியை எடுத்து மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "நீங்க இப்ப வந்து இதச் செல்றீங்க. நான் இனி யார்ட வாசல்ல போய் நிக்கிற?"

மடித்த துணியை மெஷின் மேல் வைத்தார்.

"எனக்கு செல்லி என்னத்துக்கு. அவளுக்கு செல்லுங்க" என்றார் பிறகு. "என்ட புள்ள இன்னும் என்ன நெனச்சிட்டு ஈக்கிறாள் தெரியுமா? டீச்சர் பொய் செல்ல மாட்டாங்களாம். சட்டி வட்டத்துக்குள்ளதான் ஈந்திருக்குமாம். தான்தான் சரியாப் பாக்காம கைய வெச்சிட்டாளாம். கையில ஒரு சாமான் எடுக்க முன்ன மூணு தரம் தடவிப் பாக்கிறாள். அம்பிட்டுக்கும் பயம்."

அந்தக் கடைசிச் சொல்லில் நான் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயம் என்றால் என்ன என்று என்னிடமா சொல்ல வேண்டும். அது என்னிடமிருந்துதான் அந்தப் பிள்ளைக்குப் போயிருக்கிறது.

உம்மா கூப்பிட, பிள்ளை உள்ளேயிருந்து வந்தாள். எட்டு வயதாகிறது. நீளக் கைச் சட்டை. என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள். பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். தரை ஈரமாக இருந்ததை, எனக்குப் பயம் வந்ததை, சட்டியை நான் தூக்கி வாங்கில் வைத்ததை. நீங்கள் செய்தது சரி மகள், வட்டத்தைச் சரியாகத்தான் பார்த்தீர்கள், பிழை செய்தது நான் என்றேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சட்டைக் கையை மட்டும் மேலே இழுத்து, அந்தத் தழும்பை, யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"டீச்சருக்குத் தெரியுமா, நீங்கதான் வெச்சதுண்டு?"

"தெரியும்."

"அப்ப ஏன் அவங்க செல்லல்ல?"

"நானே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க."

சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "எவ்வளவு நாள் பாத்தாங்க?"

"கடைசி வரைக்கும்."

"கடைசிண்டா?" என்று கேட்டாள் பிள்ளை.

உம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.